பிள்ளைக்கு விடை தெரியும், யாருக்குச் சொல்வது?

தரம் நான்கு மாணவன் ஒருவனின் தமிழ்க் கொப்பி. மேலே திகதி. நடுவில் 'கிரகித்தல்' என்று எழுதி, அடிமட்டம் வைத்து இரண்டு கோடு. அதன் கீழ் ஐந்து இலக்கங்கள், ஐந்து விடைகள்: கடகம். தை மாதம். பக்கத்து வீட்டுக்கு. பாவம். ஓம்.

முதல் மூன்றுக்கும் ஐந்தாவதுக்கும் சரி போட்டுவிட்டேன். நான்காவதில் சிவப்புப் பேனை நின்றுவிட்டது. அவர்கள் வாசித்த பந்தி சிறியது. வகுப்புக்காக நானே எழுதியது.

"தை மாதம் பிறந்துவிட்டது. அம்மம்மா பனம்பாத்தியைக் கிண்டத் தொடங்கினார். நிலா ஓடிப்போய்க் கடகத்தை எடுத்து வந்தாள். கடகம் நிறையக் கிழங்கு வந்தது. அம்மம்மா பத்துக் கிழங்குகளைத் தனியாகக் கட்டி வேலியோரம் வைத்தார். 'இது யாருக்கு அம்மம்மா?' என்று நிலா கேட்டாள். அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் படலையைப் பார்த்தார். மூன்று நாளாக அந்தப் படலை திறக்கவில்லை. நிலா கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்."

நான்காவது வினா, 'அம்மம்மா ஏன் பத்துக் கிழங்குகளைத் தனியாகக் கட்டி வைத்தார்?' என்பது. அதற்குத்தான் 'பாவம்' என்று ஒற்றைச் சொல்.

அவனைக் கூப்பிட்டு, யார் பாவம் என்று கேட்டேன். மூச்சுவிடாமல் சொன்னான். பக்கத்து வீட்டில் இருப்பவர் தனி ஆள். மூன்று நாளாகப் படலை திறக்கவில்லையென்றால் அவருக்கு வருத்தமாக இருக்கும். வருத்தக்காரர் எப்படிச் சமைப்பது. அதுதான் அம்மம்மா கிழங்கு கட்டியிருக்கிறார். பந்தியில் தனி ஆள் என்றும் இல்லை, வருத்தம் என்றும் இல்லை. எல்லாம் அவனாக ஊகித்தது. இவ்வளவும் தெரிந்தவன் ஏன் எழுதவில்லை என்று கேட்டால், சங்கடமே இல்லாமல் பதில் வந்தது: "ரீச்சருக்குத் தெரியும்தானே."

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் கிரகித்தல் வினாக்களுக்கு ஒற்றைச் சொல்லில் விடை எழுதுவதைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் சொல்லும் காரணங்கள் பல. வாசிப்புப் பழக்கம் இல்லை, சொல்வளம் இல்லை, கைத்தொலைபேசி. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பையன் சொன்ன காரணத்தை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அறிந்தே கேட்கும் வினா

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அதில் முதலாவது அறிவினா: விடை தெரிந்தவர் கேட்பது. இரண்டாவது அறியாவினா: தெரியாதவர் கேட்பது. ஆசிரியர் மாணவரிடம் கேட்பதுதான் அறிவினாவுக்கு உரைகாரர்கள் வழக்கமாகக் காட்டும் உதாரணம். ஏழெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுப்பறையின் சங்கடத்தை இலக்கணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

வீட்டில் ஒரு பிள்ளையிடம் "அப்பா எங்கே?" என்று கேட்பவருக்கு உண்மையிலேயே தெரியாது. பிள்ளை தேவையான அளவு சொல்லும். சந்தைக்குப் போனார், சைக்கிளில் போனார், பன்னிரண்டு மணிக்கு வருவார் என்று கேளாததையும் சேர்த்துச் சொல்லும். அதே பிள்ளை வகுப்பில் "நிலா எதை எடுத்து வந்தாள்?" என்ற வினாவைப் பார்க்கும்போது, கேட்பவர் கையிலும் அதே பந்தி இருப்பதை அறியும். தெரிந்தவருக்கு எதற்கு முழுக்கதை? 'கடகம்' என்று எழுதி, தனக்குத் தெரியும் என்பதைக் காட்டினால் போதும். உலக நடைமுறைப்படி பார்த்தால் அது நாகரிகமான பதில்தான். தெரிந்த ஒருவருக்கு விலாவாரியாக விளக்கிக்கொண்டிருப்பவரை நாங்கள் அலட்டல் என்று சொல்வோம்.

விடைகளையும் நன்னூல் எட்டாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடியானவை. மற்ற ஐந்தும் சுற்றி வந்து பொருளைத் தருபவை, 'ஆடுவாயா?' என்றால் 'கால் வலிக்கிறது' என்பது போல. அவற்றையும் விடையாக ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது அந்தச் சூத்திரம். பந்தியில் வரும் அம்மம்மா வாயைத் திறக்கவில்லை, படலையைப் பார்த்தார். அது சுட்டுவிடை. நிலாவுக்கு விளங்கியது. பையனுக்கும் விளங்கியது. இனி அவன் அதைத் தாளில் இன்னொருவருக்கு விளங்கவைக்க வேண்டும். வாசித்து விளங்குவது ஒரு வேலை. விளங்கியதை எழுதிக் காட்டுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே புள்ளிக்குள் அடக்கிவிடுவதால்தான் எது எங்கே தடக்குகிறது என்று தெரியாமல் போகிறது.

வினாவிடை என்ற பழைய பழக்கம்

யாழ்ப்பாணத்தில் 'வினாவிடை' என்ற சொல்லுக்கே ஒரு சரித்திரம் உண்டு. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமாரும் அவர்களுக்கு முன்பே இங்கிருந்த கத்தோலிக்கக் குருமாரும் சமயத்தைக் கேள்வி பதிலாகத்தான் கற்பித்தார்கள். கேள்வியும் அச்சில், பதிலும் அச்சில்; பிள்ளையின் வேலை மனனம். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் அதே வடிவத்தைக் கையில் எடுத்துச் சைவ வினாவிடை எழுதினார். இன்றைக்கும் நவராத்திரிக் காலப் போட்டிகளில் பிள்ளைகள் அந்தப் பதில்களை எழுத்துப் பிசகாமல் ஒப்புவிப்பதைக் கேட்கலாம்.

நாவலரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய பாலபாடங்களின் தெளிந்த உரைநடையும், தமிழில் நிறுத்தக்குறிகளை ஊன்றச் செய்த உழைப்பும் இல்லாவிட்டால் இன்று பிள்ளைக்கு வாசிக்கக் கொடுக்கும் பந்தியே இந்த உருவில் இருந்திராது. ஆனால் வினா என்றால் அதற்குக் குறித்த ஒரு விடை எங்கோ ஏற்கெனவே எழுதப்பட்டு இருக்கிறது, அதைக் கண்டெடுத்து ஒப்புவிப்பதே படிப்பு என்ற எண்ணம் இங்கே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஊறியது. கிரகித்தல் வினாவுக்குப் பிள்ளை பந்தியிலிருந்து ஒரு வரியை அப்படியே பெயர்த்து எழுதும்போது, ஊர் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்கிறது.

அதன்மேல் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வந்து உட்கார்ந்திருக்கிறது. 1940களில் இலவசக் கல்வியோடும் மத்திய கல்லூரிகளோடும் சேர்ந்து பிறந்த பரீட்சை அது. கிராமத்துப் பிள்ளையை நல்ல பாடசாலைக்குக் கொண்டுசேர்ப்பதே நோக்கம். மொத்தம் 200 புள்ளிகள். ஒரு வினாத்தாளில் 40 வினாக்கள், மற்றையதில் 60. அறுபது வினாக்களை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு வினாவுக்கு ஒன்றேகால் நிமிடம். அந்த வேகத்துக்குப் பழக்கப்பட்ட பிள்ளை 'பாவம்' என்று எழுதாமல் வேறு என்ன எழுதும்? தரம் மூன்றிலேயே மாதிரி வினாத்தாள் கட்டுகளை வாங்கத் தொடங்கும் வீடுகளில், சுருக்கமே கெட்டித்தனம் என்று பிள்ளைக்கு நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். பிறகு தரம் ஆறில் "ஒரு பந்தி எழுதத் தெரியவில்லை" என்று கவலைப்படுகிறோம்.

சொல்லை மாற்றினால் விடையா?

ஆங்கிலம் கற்பிப்பவர்கள் 'ரேஸ்' என்று ஒரு முறை சொல்வார்கள். வினாவை விடைக்குள் திருப்பி எழுது, விடையைச் சொல், பந்தியிலிருந்து ஆதாரம் காட்டு, விளக்கு. நான்கு படி. எங்கள் பயிற்சிக் கருத்தரங்குகளுக்கும் இது வந்துவிட்டது. மோசமான முறை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் முதற்படி ஆங்கிலத்தின் வலிக்குக் கண்டுபிடித்த மருந்து. ஆங்கிலத்தில் வினாச்சொல் வாக்கியத்தின் முன்னுக்கு ஓடிவிடும், நடுவில் துணைவினை ஒன்று புகுந்துகொள்ளும், வினைச்சொல் உருமாறிவிடும். விடை எழுதும் பிள்ளை அதையெல்லாம் கலைத்துத் திரும்பவும் அடுக்க வேண்டும். அது ஒரு பயிற்சிதான்.

தமிழில் வினாச்சொல் தன் இடத்தைவிட்டு அசைவதே இல்லை. 'நிலா எதை எடுத்து வந்தாள்?' 'நிலா கடகத்தை எடுத்து வந்தாள்.' எதை என்ற இடத்தில் கடகத்தை. வேறொன்றும் மாறவில்லை. இரண்டு நாளில் வகுப்பு முழுவதும் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டதும் ஆபத்து தொடங்கும். இதைப் பாருங்கள்: "பிலுவன் கொரியத்தில் மூன்று தவுக்குகளைச் சமுக்கினான்." பிலுவன் எங்கே தவுக்குகளைச் சமுக்கினான்? கொரியத்தில். எத்தனை தவுக்குகள்? மூன்று. சமுக்கியவன் யார்? பிலுவன். முழுப் புள்ளி. என்ன நடந்தது என்று யாருக்காவது தெரியுமா? நான் இட்டுக்கட்டிய சொற்கள் அவை, எனக்கே தெரியாது. இதை ஒருமுறை கரும்பலகையில் எழுதி வகுப்பை எழுதச் சொன்னேன். எல்லோரும் எழுதினார்கள். கடைசி வாங்கில் இருந்த ஒரே ஒரு பிள்ளைதான் 'தவுக்கு என்றால் என்ன ரீச்சர்?' என்று கேட்டாள். அன்றைய பாடத்தில் உண்மையாக வாசித்தவள் அவள் ஒருத்திதான்.

முதற்படியில் கற்பிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: வேற்றுமை உருபு. வினாச்சொல்லின் வாலில் என்ன ஒட்டியிருக்கிறதோ அது விடையின் வாலிலும் ஒட்ட வேண்டும். யாரை, யாரால், யாருக்கு, யாரிடம், எதில், எங்கிருந்து. 'யாருக்குக் கொடுத்தாள்?' என்றால் 'மாமி' என்று எழுதும் பிள்ளைக்கு வாசிப்பில் குறையில்லை; வாலைப் பார்க்கவில்லை. வினாத்தாளில் வினாச்சொல்லின் கடைசி எழுத்துகளின் கீழ் பென்சிலால் கோடு போடவைத்தால் இந்தப் பிழையில் பெரும்பகுதி போய்விடும். இதற்குமேல் இதில் மினக்கெடத் தேவையில்லை.

மினக்கெட வேண்டியது 'ஏன்' என்ற வினாவில்தான். அங்கே சொல்லை மாற்றிவைக்கும் வித்தை பலிக்காது. ஒரு வாக்கியத்தையே உள்ளே நுழைக்க வேண்டும். போதாததற்கு ஏன் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வினாக்கள் ஒளிந்திருக்கின்றன. எது நடந்ததால் என்பது ஒன்று, எதைச் செய்வதற்காக என்பது மற்றது. முதலாவது பின்னால் பார்க்கிறது, இரண்டாவது முன்னால் பார்க்கிறது. அம்மம்மா கிழங்கைக் கட்டியது 'படலை திறக்காததால்' என்றும் சொல்லலாம், 'பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதற்காக' என்றும் சொல்லலாம். இரண்டும் சரி, ஒவ்வொன்றும் பாதி. 'பாவம்' என்று எழுதியவனிடம் நான் கேட்டதெல்லாம் இவ்விரண்டும்தான். என்ன நடந்தபடியால்? என்ன செய்வதற்காக? இரண்டு பதிலையும் சேர்த்து எழுதியபோது அவன் கொப்பியில் இப்படி வந்தது: "பக்கத்து வீட்டுப் படலை மூன்று நாளாகத் திறக்காததால், அங்கே இருப்பவருக்குக் கொடுப்பதற்காக அம்மம்மா கிழங்கைத் தனியாகக் கட்டி வைத்தார்." ஒரு வாக்கியம்தான், அதற்குப் பத்து நிமிடம் எடுத்தது.

தரம் மூன்றில் இவ்வளவு நீளத்தை எதிர்பார்க்கக் கூடாது. 'ஏனென்றால்' போட்டு இரண்டு வாக்கியமாக உடைக்கவிடலாம். பிள்ளை பேசும்போது செயலை முதலில் சொல்லி, காரணத்தைப் பின்னால் இழுத்துவருகிறது. எழுத்துத் தமிழோ காரணத்தை முன்னே வைத்துவிட்டுச் செயலைக் கடைசி வரைக்கும் காக்கவைக்கும். இந்தத் திருப்பம் எட்டு வயதுக்கு இலேசானதல்ல.

அவாவும் அவரும்

பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலான தூரம் எல்லாத் தமிழ்ப் பிள்ளைக்கும் பொதுவானது. யாழ்ப்பாணத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. அதை வெளியூர்ப் பயிற்சிநூல்கள் அறியா. எங்கள் பேச்சில் மரியாதைக்குரிய பெண்ணைச் சுட்ட 'அவா' என்று ஒரு சொல் இருக்கிறது. எழுத்தில் அது இல்லை. அம்மம்மாவை 'அவள்' என்று எழுதப் பிள்ளைக்குக் கை வராது, மரியாதைக் குறைவு. 'அவர்' என்று எழுதினால் காதுக்கு ஆண்பிள்ளையைச் சொல்வது போல இருக்கிறது. எனவே பிள்ளை மூன்றாவது வழியைக் கண்டுபிடிக்கிறது. அம்மம்மா கிண்டினார், அம்மம்மா கட்டினார், அம்மம்மா பார்த்தார். அல்லது பெயரையே விட்டுவிட்டு 'கட்டி வைத்தது' என்று முடிக்கிறது. ஒரு ஆசிரியர் அதைக் கண்டு "சொல்வளம் இல்லை" என்று குறிப்பெழுதியதைப் பார்த்திருக்கிறேன். சொல்வளம் இருந்ததால் வந்த இடைஞ்சல் அது. 'அவர்' என்ற சொல் எழுத்தில் இரு பாலாருக்கும் பொதுவானது என்று ஒருமுறை உதாரணத்தோடு சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்வதில்லை.

இதனால்தான் விடையை முதலில் வாயால் சொல்லவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். வீட்டுப் பேச்சில் சொல்லட்டும், 'ஏனெண்டால்' என்றே சொல்லட்டும். கருத்து கைக்கு வந்த பிறகு அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது இரண்டாவது வேலை. யோசிப்பதையும் எழுத்துநடையையும் ஒரே நேரத்தில் கேட்டால், பிள்ளை இரண்டிலும் குறைத்துக்கொண்டு 'பாவம்' என்று எழுதிவிட்டுப் பேனையை மூடிவிடும். ர, ற பிழைகளும் ல, ள பிழைகளும் மூன்றாவது வேலை. கிரகித்தலுக்குரிய புள்ளியை எழுத்துப் பிழைக்காக வெட்டுவது, கணக்குச் சரியாகச் செய்த பிள்ளைக்குக் கையெழுத்துக்காகப் புள்ளி குறைப்பது போன்றது.

எங்கே தேடுவது

எல்லா வினாவுக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதில்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே அமெரிக்காவில் டஃபி ராஃபேல் என்ற கல்வியியலாளர் 1980களில் ஒரு முறையை அமைத்தார். வினாக்களை நான்கு வகையாகப் பார்ப்பது அது. இரண்டு வகைக்கு விடை பந்தியில் இருக்கும். இரண்டு வகைக்குத் தலைக்குள் இருக்கும். என் வகுப்பில் அவற்றுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர்கள் இவை: ஒரு வரி, பல வரி, எழுதியவரும் நானும், நான் மட்டும்.

நிலா எதை எடுத்து வந்தாள் என்பது ஒரு வரி. அம்மம்மாவுக்கு நிலா செய்த உதவிகள் எவை என்பது பல வரி. கடகம் ஒரு வரியிலும் கட்டைத் தூக்கியது கடைசி வரியிலும் இருக்கின்றன, பொறுக்கிச் சேர்க்க வேண்டும். ஏன் கட்டி வைத்தார் என்பது எழுதியவரும் நானும். அவர் படலையைக் காட்டினார், மிச்சத்தை நான் யோசிக்கிறேன். உங்கள் வீட்டில் விளைந்ததில் எதை அயலவர்க்குக் கொடுப்பீர்கள் என்பது நான் மட்டும். அதற்குப் பந்தியை வாசிக்கவே தேவையில்லை. வகுப்பில் உள்ளவர்கள் விடை எழுதுமுன் வினாவுக்குப் பக்கத்தில் இந்தப் பெயர்களில் ஒன்றைப் பென்சிலால் குறிப்பார்கள். பிழையாகக் குறித்தால் அதுவும் எனக்குப் பயன். விடை பிழைத்த காரணம் அங்கே தெரிந்துவிடும். 'எழுதியவரும் நானும்' என்ற வினாவை 'ஒரு வரி' என்று குறித்த பிள்ளை பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்து, இல்லாத வரியைத் தேடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வகைக்கு விடை எழுதும்போது ஆதாரம் கேட்க வேண்டும். 'எந்த வரி உன்னை அப்படி யோசிக்கவைத்தது?' என்று கேட்டால் போதும். ஒரு பிள்ளை, பக்கத்து வீட்டார் கொழும்புக்குப் போய்விட்டார்கள், அவர்கள் திரும்பி வந்ததும் கொடுப்பதற்காகக் கட்டி வைத்தார் என்று எழுதினாள். கெட்டிக்காரி, படலை மூடியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்தான். கடைசி வரியைப் பார்க்கச் சொன்னேன். நிலா இப்போதே கட்டைத் தூக்கிக்கொண்டு போகிறாளே? சிறிது நேரம் யோசித்துவிட்டு, 'வீட்டில் ஆளில்லை என்பது நிலாவுக்குத் தெரியாது' என்றாள். புள்ளியைக் கொடுத்துவிட்டேன். விடைக்குறிப்பில் அப்படி ஒன்று இல்லை என்பது அவளுடைய குற்றமல்ல.

மாறாக நடந்ததும் தெரியும். ஒரு பாடசாலையின் தவணைப் பரீட்சையில் இதே போன்ற வினா. விடைக்குறிப்பில் 'அயலவருக்கு' என்று இருந்தது. பிள்ளை எழுதியது 'தனியாக இருக்கிற ஆச்சிக்கு'. பூச்சியம். தாய் கொப்பியைக் கொண்டுவந்து காட்டி, இது எப்படிப் பிழை என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆறில்லாத ஊரில் ஆற்றங்கரை

விளங்கிக்கொள்வதற்கு வாசிப்புத்திறன் மட்டும் போதாது என்பதை 1988இல் வெளியான ரெக்ட், லெஸ்லி ஆகிய இருவரின் ஆய்வு நன்றாகக் காட்டியது. பேஸ்போல் ஆட்டமொன்றைப் பற்றிய பந்தியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தும் அந்த ஆட்டத்தை நன்றாக அறிந்திருந்த பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிடக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். விடயம் தெரிந்தவனுக்குப் பந்தி பாதி வழிவரை தானே வந்து கைகொடுக்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைக்காலத்தில் வழுக்கியாறு ஓடும். தொண்டைமானாறு என்பது பெயரில் ஆறு, உண்மையில் கடல்நீரேரி. மலையும் கிடையாது. மலை என்றால் எங்களுக்குக் கீரிமலை. அங்கே போனால் இருப்பது கேணி. ரயில் 1990இல் நின்று 2014இல்தான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் இங்கே தரம் நான்கு படித்தவர்கள் புகையிரத நிலையத்தைப் பற்றிய பந்திக்கு, ஒரு தண்டவாளம்கூடப் பார்க்காமல் விடை எழுதினார்கள். பலர் சரியாகவே எழுதினார்கள். தவுக்குகளைச் சமுக்கிய மாதிரி.

எனவே புதிதாக எழுதப் பழக்கும்போது பிள்ளைக்குத் தெரிந்த உலகத்தில் தொடங்குவது நல்லது. பனம்பாத்தி, தோட்டக்கிணறு, ஊர்காவற்றுறைக்குப் போகும் பஸ், நெடுந்தீவுக் குதிரை. எழுதும் கை பழகிய பிறகு தேயிலைமலைக்கும் பனி விழும் ஊருக்கும் போகலாம். போகுமுன் ஐந்து நிமிடம் அதைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போக வேண்டும்.

தெரியாத ஒருவருக்கு எழுதுவது

பையன் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். ரீச்சருக்குத் தெரியும்தானே என்றால், தெரியாத ஒருவரைக் கொண்டுவந்து முன்னால் இருத்துவதுதான் வழி. வகுப்பை இரண்டாகப் பிரித்து, இரு பாதிக்கும் வெவ்வேறு பந்தி கொடுத்தேன். ஒரு பக்கத்துக்குப் பனம்பாத்தி. மற்றப் பக்கத்துக்குக் கிணற்றில் விழுந்த வாளி. வாசித்து முடிந்ததும் பந்திகளை வாங்கிக்கொண்டேன். விடையை எழுதி, மற்றப் பாதியில் உள்ள ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அவருக்கு வினா தெரியாது, பந்தியும் தெரியாது. விடையை மட்டும் வாசித்து என்ன நடந்தது என்று அவர் சொல்ல வேண்டும்.

'பக்கத்து வீட்டுக்கு' என்று எழுதிய பிள்ளையின் தாளை வாங்கிய சிறுமி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். யாருடைய பக்கத்து வீடு? யார் போனது? எதற்கு? கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவன் வாயால் பதில் சொல்ல முயன்றான்; வாயைத் திறக்கக்கூடாது, எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று நான் தடுத்தேன். தாளை வாங்கிக்கொண்டு போய் 'நிலா' என்று முன்னால் சேர்த்தான். திரும்பவும் வந்தது. 'கிழங்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு' சேர்ந்தது. மூன்றாவது தடவை 'நடந்தாள்' என்று முடிந்தது. முழு வாக்கியம் எழுது, முழு வாக்கியம் எழுது என்று ஒரு தவணை முழுவதும் கத்தியும் வராதது, அந்தச் சிறுமியின் முகச்சுளிப்பில் வந்தது. அறிவினா அறியாவினாவாக மாறிவிட்டது.

தீவகத்தில் ஒரே அறையில் இரண்டு மூன்று தரங்களை வைத்துப் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது இன்னும் இலகு. தரம் மூன்று வாசித்ததைத் தரம் ஐந்து அறியாது. வீட்டிலும் செய்யலாம், பந்தியை அம்மாவுக்குக் காட்டாமல் விடையை மட்டும் காட்டச் சொன்னால் போதும். அம்மா தெரியாதமாதிரி நடிக்கத் தேவையில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

ஆனால் இதற்கு முன் ஒரு படியைத் தாண்டக் கூடாது. ஆசிரியர் தான் ஒருமுறை பிள்ளைகளின் முன்னால் எழுதிக் காட்ட வேண்டும். எழுதும்போது யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதியதை வெட்டவும் வேண்டும். அடுத்ததை வகுப்போடு சேர்ந்து எழுதுவது; அதற்கடுத்தது சோடியாக; பிறகுதான் தனியாக. பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றும் இந்த ஒழுங்கைப் பியர்சன், காலகர் என்ற இருவர் 1983இல் எழுதிவைத்தார்கள். சைக்கிள் பழக்கியவர்களுக்கு அது முன்பே தெரிந்த விடயம். கரும்பலகையில் ரீச்சர் தன் வாக்கியத்தைத் தானே வெட்டுவதைப் பார்த்த அன்று வகுப்பில் சிரிப்பு. அடுத்த நாள் கொப்பிகளில் வெட்டுகள் கூடியிருந்தன, விடைகளும் நீண்டிருந்தன.

ஒரு பாடத்துக்கு ஐந்து வினா வேண்டியதில்லை. ஒரு வரி வினாவை வாயால் முடித்துவிட்டு, 'எழுதியவரும் நானும்' வகையில் ஒன்றே ஒன்றை எழுதவைத்தால் போதும். முப்பது கொப்பியைத் திருத்தவும் அப்போதுதான் நேரம் கிடைக்கும். திருத்தும்போது சரி போட்டுவிட்டு ஒரு வினாவை ஓரத்தில் எழுதிவிடுவேன்: 'உனக்கு எப்படித் தெரியும்?' மறுநாள் அதற்குக் கீழே ஒரு வரி வந்திருக்கும்.

'பாவம்' என்று எழுதியவன் தன் புதிய வாக்கியத்துக்குக் கீழே ஒரு வரி விட்டு, என்னிடம் ஒரு வினா எழுதியிருந்தான்: "அந்தக் கிழங்கு அவித்ததா அவிக்காததா? வருத்தக்காரருக்கு அவித்துத்தானே கொடுக்க வேண்டும்?" பந்தியை எடுத்துப் பார்த்தேன். அதில் இல்லை. எழுதியவள் நான், எனக்கும் தெரியவில்லை.